ரொதாந்தி நீட்டுன கரண்டி

கைக்கட்டை ஏன் பாக்குறீங்க டாக்டரம்மா, மூஞ்சியப் பாருங்க. மூஞ்சி நல்லாத்தான இருக்கு? ஆங், இந்தக் கண்ணு கொஞ்சம் வீங்கித்தான் இருக்கு. அது எம் மச்சினன் முழங்கை. வேணும்னு இடிக்கல, பாவம். பின்னாடி நின்னவன் தாடையை உடைக்கத்தான் ஓங்குனான், நடுவுல நான் போயி நின்னுட்டேன். கையா? கை வந்து, தட்டு கிழிச்சது. இப்போதைக்குத் தட்டுன்னே வெச்சுக்குங்க. அப்புறம் சொல்றேன்.

சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா நானும் சிரிச்சிருவேன், சிரிச்சா இங்க விலாவுல குத்துது. ஒரு எலும்பு போச்சு. பெஞ்சு எம் மேல விழுந்துச்சு. பெஞ்சு மேல ரெண்டு பேரு விழுந்தானுக.

எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்த பாடத்தால வந்த வினை. ஐயோ, ஏன் வெளுத்துப் போறீங்க? ஒங்களை அடிக்க வரல. அடிக்கணும்னா மச்சினன் ஸ்த்ராதியைத்தான் அனுப்பியிருப்பேன், அவன் கதவைத் தட்டுற ஆளு இல்ல, கதவோட வர்ற ஆளு. நான் ஒரு கேள்வி கேக்க வந்தேன். அதுக்கு நீங்க பதில் சொல்லலைன்னா, எம் மவன் கனாகிஸ் ஒரு ஆளைச் சுடுவான், இல்லைன்னா அவனைச் சுடுவானுக. ரெண்டுல ஒண்ணு. அதனால வாட்சைப் பாக்காம உக்காருங்க. மலையில இருந்து பஸ்ஸுல வந்திருக்கேன், வளைவுக்கு வளைவு கொடலு வாய் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

மொத மொத நான் இங்க எப்படி வந்தேன்னு ஞாபகம் இருக்கா? முட்டி டாக்டர்தான் சாப்பாட்டு டாக்டரைப் பாருன்னு ஒங்ககிட்ட அனுப்பினான். முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு, எடையைக் குறைச்சுட்டு வா, அப்பத்தான் கத்தி வெப்பேன்னான். எங்கூருல கத்தி வெக்கிறதுக்கு யாரும் எடை பாக்குறதில்லன்னேன். அவனுக்குச் சிரிக்கத் தெரியல.

நீங்க கேட்டீங்க, என்னம்மா பிரச்சனைன்னு. சாப்பாடு முடிஞ்சதும் இனிப்பு வேணும்னேன். எல்லாருக்கும் வேணுந்தானேன்னீங்க. இல்ல டாக்டரம்மா, எல்லாருக்கும் வர்றது ஆசை. எனக்கு வர்றது கழுத்தைப் பிடிக்கும். கறி தின்னு, சோறு தின்னு, வயிறு தம்புரு மாதிரி விம்மிக் கெடக்கும். கடைசி வாய் உள்ள போன உடனே கை தன்னால எந்திரிச்சு நடக்கும். தேன், அல்வா, பால்கோவா அடைச்ச போளி, எது இருக்கோ அது. ஒண்ணுமே இல்லைன்னா சர்க்கரை டப்பாவுல கரண்டி.

நாத்தனா ஒருநாள் எள்ளு அல்வாவைத் தன் வீட்டு அலமாரியில வெச்சுப் பூட்டிட்டா. எனக்கு நல்லது பண்றாளாம். நான் சொன்னேன், தொற. அவ சொன்னா, மாட்டேன். நான் போயி விறகுக் கோடாலியை எடுத்துட்டு வந்து அலமாரியை நெஞ்சோட பொளந்தேன். அவ மாமியாரோட சீதனம் அது, வாதுமை மரம், நூறு வருசம் ஆடாம நின்னது, ரெண்டு வெட்டுல மண்டி போட்டுச்சு. தடுக்க வந்தா, கடிச்சேன். பல்லுத் தடம் இன்னும் இருக்கு அவளுக்கு. யாராவது கேட்டா நாய்னு சொல்லிக்கிறா, நல்ல மனசு.

நீங்க அதைக் கேட்டுட்டு என்ன சொன்னீங்க? நானும் பயந்தேன், இந்தப் பொண்ணு ஈர்க்குச்சி மாதிரி இருக்கு, இனி இனிப்பையே தொடாதன்னு சொல்லும், நான் இது கழுத்தையும் நெரிச்சுட்டு ஜெயிலுக்குப் போவேன்னு. நீங்க தலைகீழாச் சொன்னீங்க. பூட்டாதம்மா. பூட்டப் பூட்டத்தான் கோடாலி வரும். வாங்கி வீட்டுல வெய்யி, நெறைய வெய்யி, கண்ணு முன்னாடி வெய்யி. சாப்பிட்டு முடிச்சு ஆசை வந்தா ஒரு நிமிசம் சும்மா உக்காரு. வயித்து மேல கையை வெச்சுக் கேளு, பசியா, நாக்கு ருசியா, இல்ல வேற ஏதாச்சுமான்னு. வேணும்னா தட்டுல வெச்சு உக்காந்து நிம்மதியாத் தின்னு. வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. நாளைக்கும் அது அங்கதான் இருக்கும், ஓடிப் போயிராதுன்னு.

கிறுக்குப் புடிச்ச பொண்ணுன்னு நெனச்சேன். ஆனா செஞ்சேன். அல்வா வாங்கி ஜன்னல்ல அடுக்கினேன். ஆரம்பத்துல வாந்தி எடுக்குற வரைக்கும் தின்னேன். எடுத்துட்டு வந்தும் தின்னேன். அப்புறம் பாதி தின்னேன். அப்புறம் ஒருநாள் பாத்தா, அல்வா மேல எறும்பு ஊருது. என் வீட்டுல, டாக்டரம்மா, என் வீட்டுல அல்வாவை எறும்பு திங்குது! நாத்தனா வந்து பாத்துட்டு சிலுவை போட்டுக்கிட்டா. நான் சாகப் போறேன்னு நெனச்சுட்டா.

அதுல இருந்து எனக்குத் தலைகால் புரியல. கோயில்ல, கடையில, பஸ்ஸுல, எவ கெடைச்சாலும் பாடந்தான். வயித்தைக் கேளு, வயித்தைக் கேளுன்னு. பாதிரியார் உபவாசம் பத்திப் பேசுனா நான் குறுக்க எந்திரிச்சு, சாமி, மொதல்ல வயித்தைக் கேட்டீங்களான்னேன். ஊருக்குள்ள எனக்கு வயித்துக்காரின்னு பேரு வெச்சுட்டானுக.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

எம் புருசன் வார்திஸ் செத்துட்டான்னு ஒங்ககிட்ட சொன்னேன், எப்படின்னு சொல்லல. நீங்களும் கேக்கல, மரியாதை. சுட்டுட்டாங்க. பெர்தாகிஸ் வீட்டுப் பையன், நிகிஃபோர்.

இல்ல, எம் புருசன் ஒண்ணும் தேவதூதன் இல்ல. எங்க ஆட்டுக்குக் காதுல ஒரு வெட்டு அடையாளம் இருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டு. எங்க வெட்டு போட்ட காது ஒண்ணு பெர்தாகிஸ் வீட்டுக் குப்பையில கெடந்துச்சு. காது மட்டும். மிச்சம் யாரு வயித்துல இருந்துச்சுன்னு நான் சொல்லணுமா? வார்திஸ் அந்தக் காதைக் கையில எடுத்துட்டு காப்பிக் கடைக்குப் போனான். நிகிஃபோர் அப்ப மீசை மொளச்ச வயசு. அந்த மீசையைப் பிடிச்சு நடுக்கடையில தரதரன்னு இழுத்து, காதை அவன் வாயில திணிச்சு, தின்னு, மிச்சத்தையும் தின்னுன்னான். மாட்டுத் தொட்டியில மூஞ்சியை முக்கி எடுத்தான். கடையில அத்தனை பேரு இருந்தானுக. ஒருத்தன் தடுக்கல. ரெண்டு பேரு சிரிச்சானுக. எங்க கிரீட்டுத் தீவுல ஒருத்தனைக் கொன்னாக்கூட மறப்பான், சிரிச்சா மறக்க மாட்டான்.

அதுக்கப்புறம் ஒரு கல்யாணம். ரெண்டு வீட்டுக்கும் சொந்தம், ரெண்டு வீடும் வந்துச்சு. மத்தியானம், நல்ல வெயில். பந்தி முடிஞ்சுது. நான் தேன்ல முக்கின சுருள் பலகாரத்தை பெரிய தாம்பாளத்துல அடுக்கி எடுத்துட்டு வர்றேன். வார்திஸ் மேசையில உக்காந்துக்கிட்டு கையை நீட்டுறான், கரிஃபாலியா, மொதல்ல எனக்குன்னு. நான் சொல்றேன், வரிசையா வரும், ஒனக்கு என்ன தனியா கிரீடம் வெச்சிருக்கான்னு. கிண்டல்தான். எப்பவும் அப்படித்தான் பேசுவோம். சொல்லி வாயை மூடல, டப்புன்னு சத்தம். கல்யாணத்துல சுடுறது வழக்கந்தான, வானத்தைப் பாத்துச் சுடுவானுக, நான் திரும்பிக்கூடப் பாக்கல. தாம்பாளத்துல தேன் மேல செவப்பா தெறிச்சிருக்கு. மாதுளை முத்து தூவிட்டாங்களோன்னு பாத்தேன். அப்புறந்தான் அவன் மூஞ்சியைப் பாத்தேன். மூஞ்சியில பாதி இல்ல.

தண்ணி குடிங்க. நீங்க குடிங்க, எனக்கு வேணாம்.

கனாகிஸுக்கு அப்ப நாலு வயசு. மேசைக்கு அடியில உக்காந்து பலகாரம் தின்னுக்கிட்டிருந்தான். நிகிஃபோர் தானே போயி போலீஸ்ல துப்பாக்கியைக் குடுத்தான். பதினாறு வருசம் உள்ள இருந்தான். இந்த வசந்தத்துல விட்டுட்டாங்க.

எம் மவன் இப்ப இருபது. கறுப்புச் சட்டையைக் கழட்ட மாட்டேங்குறான், தாடியை எடுக்க மாட்டேங்குறான். எங்கூருல ஒரு வாலிபன் அப்படித் திரிஞ்சா அவன் வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, பழி பாக்கி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அப்பன் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுறான். சாப்பிட வாடான்னா வர்றேன்மாங்குறான், சிரிச்சுக்கிட்டே. அவங்கப்பன் சிரிப்பு. டாக்டரம்மா, நான் ஒரு ஆம்பளையைப் புதைச்சுட்டேன். இன்னொருத்தனைப் புதைக்கவோ, ஜெயிலு ஜன்னல்ல பாக்கவோ என்னால ஆகாது. அந்த நிகிஃபோர் எக்கேடும் கெட்டுப் போகட்டும், எம் புள்ள எனக்கு வேணும்.

பாதிரியார்தான் ஓடுனாரு. ரெண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து அங்கி கிழிஞ்சு போச்சு. கடைசியா சமாதான விருந்துக்கு ஒத்துக்கிட்டாங்க. கோயில் முற்றத்துல ஒரே மேசை, ஒரு பக்கம் நாங்க, ஒரு பக்கம் அவங்க. துப்பாக்கி எல்லாம் வாசல்லயே குடுத்துரணும். பாதிரியார் எல்லாத்தையும் வாங்கி ஞானஸ்நானத் தொட்டியில போட்டு மேல துணியைப் போத்துனாரு. எட்டிப் பாத்தா, ஏதோ இரும்புல புள்ளை பெத்துப் போட்ட மாதிரி.

சாப்பிட்டோம். நெருப்பு முன்னாடி நிறுத்திச் சுட்ட ஆட்டுக்குட்டி, கறித் தண்ணியில வெந்த சோறு, ஒயினு. யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கல, ஆனா தின்னோம். நிகிஃபோர் மேசைக் கடைசியில உக்காந்திருக்கான், தலை நரைச்சுப் போச்சு, தட்டைப் பாத்துக்கிட்டே இருக்கான். எம் மவன் அவனையே பாத்துக்கிட்டு இருக்கான், ஒரு கவளம் தொடல.

சாப்பாடு முடிஞ்சதும் என்ன நடக்கும்னு ஒங்களுக்கே தெரியும், நீங்க பட்டணம்னாலும் கிரீட்டுக்காரிதான. கொன்னவனோட அம்மா செத்தவனோட பொண்டாட்டிக்குக் கரண்டி இனிப்பு குடுக்கணும். தன் கையால. அதைத் தின்னு, ஒரு வாய் தண்ணி குடிச்சு, உங்க கை நல்லாருக்கட்டும்னு சொல்லணும். அவ்வளவுதான். கையெழுத்து இல்ல, சத்தியம் இல்ல. அந்த ஒரு கரண்டி உள்ள போச்சுன்னா தீந்துச்சு. அதுக்கப்புறம் எவனாவது கையை ஓங்குனா ரெண்டு வீடும் சேந்து அவனை உதைக்கும்.

ரொதாந்தி எந்திரிச்சா. நிகிஃபோரோட அம்மா. வயசாயிப் போச்சு இப்ப. ஒரு காலத்துல அவ வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு அத்திமரந்தான். என் கல்யாணத்தன்னைக்கு எனக்கு முடி பின்னி விட்டவ. நாரத்தந்தோல் இனிப்பு செஞ்சிருந்தா. தோலைச் சீவி, சுருட்டி, நூல்ல கோத்து, தண்ணி மாத்தி மாத்திக் கசப்பை எடுத்து, அப்படி மினுங்குது, பச்சைக் கண்ணாடி மாதிரி. கண்ணாடித் தட்டு, ஒரு கரண்டி, ஒரு டம்ளர் தண்ணி. டம்ளரு தட்டுல டிக்கு டிக்குன்னு தட்டுது. வந்தா, எம் முன்னாடி நின்னா, கரண்டியை எடுத்து நீட்டுனா.

அத்தனை பேரும் என் வாயைப் பாக்குறானுக.

நான் என்ன பண்ணேன்? நீங்க சொல்லிக்குடுத்ததைப் பண்ணேன். ஒரு நிமிசம் சும்மா உக்காந்தேன். வயித்து மேல கையை வெச்சேன். கேட்டேன்.

வேணாம்னுச்சு.

நான் சொல்லிட்டேன். வாயைப் பாருங்க, இந்த வாயை. வேணாம்மா, இப்ப வயிறு கேக்கல, நாளைக்கு வேணும்னா பாத்துக்கலாம், எங்க ஓடிப் போகுதுன்னு.

ஆமா. அப்படியேதான் சொன்னேன். தலையில அடிச்சுக்கிறீங்க, நான் அடிச்சுக்கிட்டதுல பாதி இல்ல அது.

பாதிரியார் மட்டும், ஆண்டவரேன்னாரு, மெதுவா. மச்சினன் ஸ்த்ராதி எந்திரிச்சு, கேட்டீங்களாடா, எங்க அண்ணி வேணாம்னுட்டான்னான். அண்ணி சொன்னது வயித்தைப் பத்திடா முட்டாளேன்னு நான் கத்துறதுக்குள்ள, மேசை தலைகீழாப் போச்சு.

ஆட்டுக்கறி குத்தின இரும்புக் கம்பியை ஒருத்தன் எடுத்தான். ஒயின் ஜாடியை ஒருத்தன் எடுத்து இன்னொருத்தன் மண்டையில போட்டான், ஒயினா ரத்தமான்னு நக்கிப் பாத்தாத்தான் தெரியும். எங்க சின்ன மச்சினன் பெர்தாகிஸ் வீட்டு மாப்பிள்ளை காதைக் கடிச்சுத் துப்பினான். எங்க ஆட்டுக் காதுக்குப் பதிலு காதுடான்னான். பெர்தாகிஸ் வீட்டுப் பொம்பளைங்க சும்மா இருந்தாங்களா? ஒருத்தி என் நாத்தனா முடியைப் பிடிச்சா, நாத்தனா பாவம், அலமாரியும் போச்சு, முடியும் போச்சு. பாதிரியார் நடுவுல நின்னு சிலுவையை ஓங்கி, நிறுத்துங்கடான்னாரு, எவனும் நிறுத்தலைன்னதும் அதே சிலுவையால ரெண்டு பேரை அடிச்சாரு. நல்ல வெள்ளி, கனமான சிலுவை. ரெண்டு பேரும் எந்திரிக்கல.

அப்புறம் எல்லாரும் தொட்டியைப் பாத்து ஓடுனானுக. தொட்டி கவுந்துச்சு, துப்பாக்கி எல்லாம் தரையில. யாரு எதை எடுத்தான்னு தெரியல. எங்க துப்பாக்கியால எங்களையே சுட்டானுக. ஒரு குண்டு மணியில பட்டுச்சு, டங்குன்னு. ஒருத்தன் தொடையில ஒண்ணு, ஒருத்தன் தோள்ல ஒண்ணு. சாகல. யாரும் சாகல. அது எங்க நல்ல குணம் இல்ல, ஒயினு.

நான் எம் மவனைத் தேடுறேன். அவன் துப்பாக்கி பக்கமே போகல. நிகிஃபோரைச் சுவத்தோட சாச்சு, ஆட்டை அறுக்குற கத்தியை கழுத்துல வெச்சிருக்கான். அந்த நிகிஃபோர் கையைக்கூடத் தூக்கல. அறுத்துரு தம்பின்னு சொல்றான், காது கேக்குது எனக்கு, அறுத்துரு, தீரட்டும்னு. எம் மவன் கை கெட்டியா நிக்குது, கொஞ்சங்கூட ஆடல. அதைப் பாத்துத்தான் பயந்தேன். ஆடியிருந்தா பயந்திருக்க மாட்டேன்.

அந்தக் கத்தியைப் பிடிச்சேன். பிடியை எங்க பிடிக்கிறது, பிடி அவன் கையில இருக்கு. வாயைப் பிடிச்சேன். கத்தி வாயை. இழுத்தான், நான் விடல. எலும்பு வரைக்கும் போயி நின்னுச்சு. அம்மா விடுங்குறான். நீ விடுங்குறேன். என் ரத்தம் நிகிஃபோர் சட்டையில ஓடுது. அப்புறந்தான் அவன் விட்டான். அதான் கை. தட்டு இல்ல.

போலீஸா? வந்துச்சு. என்ன காயம்னு கேட்டான். ஆட்டுக்குட்டி வெட்டும்போது பட்டுச்சுன்னோம். இத்தனை பேருக்கும் ஒரே ஆட்டுக்குட்டியான்னான். பெரிய ஆடு ஐயான்னேன்.

இப்ப ஊருல என்ன நெலமைன்னா, ஒங்க பேரு பெர்தாகிஸ் வீட்டுலயும் தெரியும், எங்க வீட்டுலயும் தெரியும். இராக்லியோ பட்டணத்துல ஒரு சூனியக்காரி இருக்கா, அவதான் வயித்துக்காரிக்குச் சொல்லிக்குடுத்து விருந்தைக் கெடுத்தான்னு. ரெண்டு வீடும் எதுலயும் ஒத்துப் போகாது, இதுல ஒத்துப் போகுது. பயப்படாதீங்க, ஒங்க தெரு பேரு நான் யாருக்கும் சொல்லல.

நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நான் யாரையும் அவமானம் பண்ணல, டாக்டரம்மா சொன்னபடி செஞ்சேன், வயிறு நெறைஞ்சிருந்துச்சுன்னு. பாதிரியார்கிட்ட சொன்னேன், மச்சினன்கிட்ட சொன்னேன், போலீஸ்கிட்டகூடச் சொல்ல இருந்தேன்.

பொய்யி.

ஆமா, பொய்யி. நான் அன்னிக்கு என்னத்தைத் தின்னேன்? ரெண்டு வாய் சோறு. எம் மவனைப் பாத்துக்கிட்டு இருந்தவளுக்கு எங்க இறங்கும்? வயிறு காலி. நாரத்தந்தோலைப் பாத்ததும் நாக்குல எச்சி அப்படி ஊறுது, துடைச்சுக்கிட்டேன். நாக்குக்கு வேணும். பசிக்கு வேணும். எனக்குக்கூட வேணும், எம் புள்ளைக்காக. ஆனா கையை வெச்சுக் கேட்டேன் பாருங்க, அப்ப இங்க, இந்த எடம், கல்லு மாதிரி இறுகிக்கிட்டு, இவ கையால வேணாம், இவ புள்ள இவளுக்குத் திரும்பி வந்துட்டான், எம் புருசன் வரலங்குது.

இத்தனை வருசத்துல நான் எவன் குடுத்த இனிப்பையும் வேணாம்னது இல்ல டாக்டரம்மா. வரி வாங்க வந்தவன் குடுத்தான், தின்னேன். சவப்பெட்டி செஞ்சவன் வீட்டுல குடுத்தாங்க, வார்திஸைப் புதைச்ச அன்னிக்கே, தின்னேன். நீங்க மூணு கேள்வி சொன்னீங்களே, பசியா, ருசியா, வேற ஏதாச்சுமான்னு. வேற ஏதாச்சும்தான் அத்தனை வருசமா தின்னுச்சு. நான் தின்னே அதை அமுக்கி வெச்சிருந்தேன். யாரும் அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டது இல்ல. நீங்க கேக்கச் சொன்னீங்க. மொத தடவையா கேட்டேன், அதுவும் மொத தடவையா உண்மையைச் சொல்லிருச்சு. கேக்காம இருந்திருந்தா, பழைய கரிஃபாலியா கரண்டியோட சேத்து முழுங்கிட்டு இன்னொரு கரண்டி குடுன்னு கேட்டிருப்பா. ஊரு தூங்கியிருக்கும்.

ஒங்களைக் குத்தம் சொல்லல. சொன்னா சொன்னதாத்தான் இருக்கட்டும்.

இப்ப என் கேள்வி. வயிறு வேணாங்குறதை எப்படி முழுங்குறது?

அது ஒங்க பாடத்துல இல்லையா? தெரியும். அதான் கேக்குறேன். கேக்கச் சொல்லிக் குடுத்தவங்கதான அதுக்கு ஒரு பதிலும் சொல்லணும்.

கட்டாயப்படுத்தக் கூடாதா? நீங்க சொல்லுவீங்க. ஒங்களுக்கு இருபது வயசுல கறுப்புச் சட்டை போட்ட புள்ள இல்ல. பாதிரியார் இன்னொரு தடவை கூட்டியிருக்காரு, ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு, கோயில் வாசல்ல. இதுதான் கடைசின்னுட்டாரு. ரெண்டு வீட்டு ஆம்பளைங்களும் வருவானுக, இந்தத் தடவை துப்பாக்கியை எவனும் தொட்டியில போட மாட்டான். நான் வாயைத் தொறக்கணும், தின்னணும், இறக்கணும். தொண்டையில நின்னா அவ்வளவுதான். முகத்தைச் சுளிச்சாக்கூட எம் மவன் பாத்துருவான். அவன் என் மூஞ்சியைப் படிச்சே வளந்தவன்.

என்னது? மன்னிச்சாத்தான் இறங்குமா? மன்னிக்கிறதுக்கு எங்க நேரம் இருக்கு, ஞாயித்துக்கிழமைக்கு. மன்னிப்பு பின்னாடி மெதுவா வரட்டும், கழுதை மேல ஏறி. இப்ப எனக்கு முழுங்கத் தெரியணும்.

அதனாலதான் ஒத்திகைக்கு வந்தேன்.

வெளிய பெஞ்சுல கறுப்பு முக்காடு போட்டுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்கு பாருங்க, மடியில துணிப் பை. அடுத்து வந்த நோயாளின்னு நெனச்சுட்டீங்களா? அதுக்கு ஒரு நோவும் இல்ல. ரொதாந்திதான் அது. நான்தான் போன் பண்ணேன். எடுத்துச்சு. பஸ் வர்ற நேரத்தைச் சொன்னேன், இனிப்பு ஜாடியை எடுத்துட்டு வான்னேன். வந்து நின்னுச்சு. ஒரே பஸ்ஸு, நான் முன் சீட்டு, அது கடைசி சீட்டு. வீட்டுல நான் முட்டி டாக்டர்னு சொல்லிட்டு வந்தேன். அது கண் டாக்டர்னு சொல்லியிருக்கு. அதுக்கும் அதோட புள்ள வேணும்ல. பதினாறு வருசம் கம்பிக்கு வெளிய நின்னு பாத்த புள்ள.

இங்க ஆம்பளைங்க இல்ல. எம் மவன் இல்ல. எனக்கு வாந்தி வந்தா ஒங்க தரைதான் நாறும், அங்க வந்தா ரத்தம் நாறும். அதுகிட்ட ஒரு ஜாடி நெறைய இனிப்பு இருக்கு, இறங்குற வரைக்கும் குடுக்கச் சொல்லியிருக்கேன். நீங்க பக்கத்துல இருங்க, போதும். ஒண்ணும் பேசாதீங்க. கேளு, கீளுன்னு எதையும் ஆரம்பிச்சுராதீங்க.

உக்காருங்க, உக்காருங்க, நான் கூப்பிடுறேன்.

அக்கா. ரொதாந்தியக்கா. உள்ள வா. கதவைச் சாத்திட்டு வா. அங்கயே நின்னா எப்படி, கிட்ட வா. ம், வாயைத் தொறந்துட்டேன். ஊட்டு. விரலை மட்டும் பாத்துக்க, கடிச்சாலும் கடிச்சிருவேன்.